79 வயது அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன், உடம்பு தாங்குமா?

கேள்வி: இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ஃபிட்னஸும் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் வயதை நினைத்தால் பயமாக இருக்கிறது. செய்யலாமா?

நான் பிசியோதெரபிஸ்ட். ஆபரேஷன் முடிந்தவர்களைக் கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைக்கிற வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வயதை விடுங்கள். எக்கோ இதயத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஆள் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று சொல்லாது. 2001-ல் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரீட் குழுவினர் அதற்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: ஒரு வருடத்தில் தானாகவே நாலரை கிலோ குறைவது, தீராத அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்ச்சி என்று கணக்கு. 2010-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 594 முதியவர்களை இப்படிப் பார்த்ததில், தளர்ந்தவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் சிக்கலும் அதிகம், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் அதிகம்.

வீட்டிலேயே பாருங்கள். வாட்ச் முழங்கைப் பக்கம் நழுவுகிறதா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா? 4 மீட்டரை வழக்கமான நடையில் கடக்க 5 விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவரோ கன்சல்டிங் ரூமில் அப்பா உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருப்பார்.

தளர்ச்சி இருந்தால் ஆபரேஷனே கூடாது என்று இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆனால் அதிகம் தொந்தரவு தராத ஹெர்னியா பெரும்பாலும் காத்திருக்கும். சர்ஜன் சம்மதித்தால் சில வாரம் முட்டை, பருப்பு, தினமும் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி என்று உடம்பைத் தேற்றலாம். வீக்கம் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், உடனே ஓடுங்கள்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: இரவில் வரும் குழப்பம். வார்டில் ஒரு பாட்டி, "அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்" என்று டிரிப் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கப் பார்த்தார். பகல் முழுக்கத் தெளிவாகப் பேசியவர். தளர்ந்தவர்களுக்கு இது அதிகம் வரும். கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் ஆபரேஷன் முடிந்ததும் மாட்டிவிடுங்கள். பழகிய முகம் ஒன்று ராத்திரி பக்கத்தில் இருக்கட்டும். தினமும் தூக்க மாத்திரை போடுகிறவர் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.