காலரா நிவாரணத்துக்குப் பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

சூடான், மலாவி, ஏமன் நாடுகளில் காலரா பரவிய செய்திகளைப் படித்துவிட்டு, இங்கிருந்து என்ன செய்யலாம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். நான் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். வாந்திபேதிப் புகார் வந்த ஊர்களுக்குப் போய்த் தொட்டித் தண்ணீரைச் சோதிப்பதும் பிளீச்சிங் பவுடர் கலக்க வைப்பதும் என் வேலையாக இருந்தன. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஓசூர், கல்லூரி மாணவர்: ஐயா, வகுப்பில் பணம் திரட்டியிருக்கிறோம். சூடானுக்குத் தண்ணீர் பாட்டில், துணி, மருந்து வாங்கி அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி, பணமாகவே கொடுங்கள். கடுமையான காலரா கண்டவரின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறலாம். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் கண் செருகிய நிலையில் வந்தால், முதல் மூன்று மணி நேரத்திலேயே ஐந்து லிட்டர் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவத்தை ரத்த நாளம் வழியாக ஏற்ற வேண்டும். அதில் ஒன்றரை லிட்டர் முதல் அரை மணிக்குள் உள்ளே போயாக வேண்டும். இது ஒரே ஒரு நோயாளிக்கு. இந்த அவசரத்துக்கு ஓசூரிலிருந்து கிளம்பும் அட்டைப்பெட்டி ஈடு கொடுக்காது. கப்பல் கட்டணம், சுங்கம், அங்கே லாரி வாடகை என்று பொருளின் விலையைவிடச் செலவு கூடிவிடும். போய்ச் சேர்ந்தாலும், அதைப் பிரித்து அடுக்க நோயாளிகளைக் கவனிக்க வேண்டிய ஆட்கள்தான் நிற்க வேண்டும்.

யூனிசெஃப் அமைப்பு கோபன்ஹேகனில் பெரும் கிடங்கு வைத்து மருந்துகளை மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நோய் பரவும் இடத்திலேயே சிகிச்சை முகாம்களை நடத்துகிறது. உங்கள் தொகை சிறியதாக இருந்தாலும் இப்படி ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களிடம் போய்ச் சேரட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளிநாட்டில் பதிவான அமைப்புக்கு நேரடியாக அனுப்பும் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது.

பாலக்கோடு, ஒரு தாய்: அவ்வளவு பெரிய நோய்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம் அம்மா. காலரா நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே தள்ளினாலும், குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வழியை அடைப்பதில்லை. அவை போகும்போது நீரையும் கூடவே இழுத்துக்கொள்கின்றன. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பனகாவ் முகாமில், ரத்த நாளத்தில் ஏற்றும் ஐ.வி. திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கரைசலைப் பெரிய டிரம்களில் கலந்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நான்கு பேருக்கும் கீழே வந்தது. நம் நாட்டு மருத்துவர் ஒருவர் காட்டிய வழி இன்று ஆப்பிரிக்க முகாம்களில் உயிர் காக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. தீவிர நிலையில் ஐ.வி. கட்டாயம் வேண்டும், மற்ற பெரும்பாலோருக்கு ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். காலத்தோடு சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுங்கள். கடையில் விற்கும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அரூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தடுப்பு மருந்து கொடுத்துவிட்டால் தீராதா?

வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து இருக்கிறது ஐயா. இரண்டு தவணை கொடுத்தால் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாப்பு. ஆனால் கையிருப்பு போதாமல், 2022 அக்டோபரில் ஒரு தவணை போதும் என்று குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் இம்மருந்தைத் தயாரித்துவந்த ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை வழங்குவதையே நிறுத்தியது. 2024இல் அதே ஊரின் பாரத் பயோடெக் ஹில்கால் என்ற புதிய மருந்தை அறிமுகப்படுத்தியிருப்பது நல்ல செய்தி. என் பார்வையில் இம்மருந்து கால அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில் குழாயும் கழிப்பறையும் வராவிட்டால் நோய் திரும்ப வரும்.

பென்னாகரம், விவசாயி: அந்த நாட்டு அரசுகள் செய்ய வேண்டிய வேலைக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

உங்கள் வீட்டுக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் நம் பிள்ளைகளின் பற்கள் கறைபட்டு, பெரியவர்களின் எலும்புகள் வளைந்துபோன காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2013இல் திறக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவி செய்தது. நம் அரசு திட்டமிட்டது, நம் பொறியாளர்கள் கட்டினார்கள், ஆனாலும் வெளியிலிருந்து வந்த தொகை இல்லாமல் அவ்வளவு பெரிய வேலையைத் தொடங்குவது எளிதாக இருந்திருக்காது. ஃபுளோரைடுக்காக வந்த திட்டம்தான். என்றாலும் சுத்திகரித்துக் குளோரின் கலந்து வரும் அதே நீர் வாந்திபேதியையும் தள்ளி வைக்கிறது.

மலாவியில் 2022இல் தொடங்கிய பரவலில் 1,700க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அங்கே இருப்பவர்களுக்குக் காய்ச்சிக் குடிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். புயல் வெள்ளம் கிணற்றையும் கழிப்பறையையும் ஒன்றாக்கிவிட்ட ஊரில், விறகு வாங்கவும் காசில்லாத பெண் எதை வைத்துக் காய்ச்சுவாள்? அவர்களின் அரசை நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதுவரை அந்தக் குழந்தைக்குப் பேதி காத்திருக்காது.

கிருஷ்ணகிரி, மளிகைக் கடைக்காரர்: உதவி என்று போகிறவர்களை எப்படி நம்புவது?

கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2010இல் நிலநடுக்கத்தால் நொறுங்கிய ஹைட்டிக்குக் காலராவைக் கொண்டுபோனதே ஐ.நா. அமைதிப்படைதான். நேபாளத்திலிருந்து வந்த படையினரின் முகாம் கழிவு ஆற்றுக் கிளையில் கலந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 ஆகிவிட்டது. ஆகவே ஓர் அமைப்புக்குக் கொடுக்கும் முன் கேளுங்கள்: உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களா? தங்கள் முகாமின் கழிவை என்ன செய்கிறார்கள்? தணிக்கை செய்த கணக்கை வெளியிடுகிறார்களா? தோண்டிய கிணற்றின் கைப்பம்பு பழுதானால் சரிசெய்ய அந்த ஊரில் ஆளும் உதிரிபாகமும் இருக்கின்றனவா? நான் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். திறப்பு விழாப் படத்தோடு நின்றுபோன பம்புகள் நம் பக்கத்திலேயே உண்டு.

காவேரிப்பட்டணம், நர்சிங் மாணவி: படிப்பு முடிந்ததும் நானே அங்கே போய்ப் பணியாற்ற முடியுமா?

முடியும் அம்மா, ஆனால் உடனே வேண்டாம். முதலில் நம் அரசு மருத்துவமனையில், முடிந்தால் குழந்தைகள் வார்டில், பணி அனுபவம் பெறுங்கள். நீர் வற்றிப்போன குழந்தையின் சுருங்கிய ரத்த நாளத்தில் ஊசி ஏற்றக் கை பழக வேண்டும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சு அல்லது அரபு கற்றுக்கொண்டால், நீங்கள் போகக்கூடிய நாடுகள் அதிகமாகும்.