படை நுழையும் நாட்டின் மக்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள தோழருக்கு,

மும்பையின் செம்பூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் படிப்பு வட்டத்தில் சென்ற வாரம் நடந்த விவாதம் கசப்பில் முடிந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படை அனுப்புவதை இடதுசாரிகள் எப்போது ஏற்கலாம் என்பதுதான் பொருள். 2003-இல் ஈராக் போரை எதிர்த்தவர்கள், 1971-இல் இந்தியப் படை கிழக்கு வங்கத்துக்குள் நுழைந்ததை எப்படி ஆதரித்தார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். சோவியத் யூனியன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நின்றார்கள், அவ்வளவுதான் என்றார் இன்னொருவர். 1962-இன் இந்திய–சீனப் போரையும் இழுத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை அனுமதித்தால் ஏற்கலாம், இல்லாவிட்டால் எதிர்க்கலாம் என்று நான் வாதிட்டேன். மக்களைக் காப்பாற்றப் போகும் போரில் சில உயிர்கள் போவதைத் தவிர்க்க முடியாது, அதை ஏற்கத் துணியாதவர்கள் தங்கள் கையில் கறை படக்கூடாது என்று மட்டும் நினைப்பவர்கள் என்றும் சொன்னேன். என் நிலைப்பாடு சரிதானா? இதைப் பற்றி எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

க., செம்பூர்

அன்புள்ள க.,

கம்போடியாவில் 1979-இல் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால்தான் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதுகிறேன்.

1962-ஐ விட்டுவிடுங்கள். அது எல்லைத் தகராறு. அந்தப் போரை எப்படிப் பார்ப்பது என்பதில் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் எழுந்த பூசல் 1964-இல் கட்சி உடைந்ததற்கான காரணங்களில் ஒன்று என்பது உண்மை. ஆனால் துன்பப்படும் மக்களுக்காகப் படை அனுப்பலாமா என்ற உங்கள் கேள்விக்கு அதில் விடை இல்லை.

சோவியத்தைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு ஸ்டாலின் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, அந்தப் போர் ஏகாதிபத்தியங்களின் சண்டை என்று உலகெங்கும் கம்யூனிஸ்ட் கட்சிகள் சொல்லின. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மானியப் படைகள் சோவியத் எல்லையைக் கடந்ததும் அதுவே மக்கள் யுத்தமாகிவிட்டது. 1956-இல் ஹங்கேரியிலும் 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவிலும் டாங்கிகள் நுழைந்தபோது அதை நியாயப்படுத்தியவர்களும் உண்டு, வெட்கப்பட்டுக் கட்சியை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. ஆனால் இந்த மரபு மாஸ்கோவில் தொடங்கவில்லை. 1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, ஜார் மன்னனிடமிருந்து நாட்டைக் காக்கிறோம் என்று சொல்லிப் போர்க் கடனுக்கு வாக்களித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது அந்தக் கட்சியின் கார்ல் லீப்னெக்ட் ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். எந்த அரசின் பக்கமும் சாயாத அந்த ஒற்றை வாக்கிலிருந்து வருகிறவர்களும் இடதுசாரிகள்தான்.

இனி உங்களைக் கோபித்துக்கொள்ள வேண்டிய இடத்துக்கு வருகிறேன். 'சில உயிர்கள் போவதைத் தவிர்க்க முடியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயிர்கள் யாருடையவை என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? 1987 ஜூலை 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்தியப் படை இலங்கைக்குப் போனபோது, தமிழரைக் காப்பாற்றத்தான் போகிறது என்று இந்த மும்பையிலும் தமிழர்கள் நம்பினோம். இடதுசாரிக் கட்சிகளும் அந்த ஒப்பந்தத்தை வரவேற்றன. மூன்று மாதம் முடிவதற்குள், அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் அந்தப் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களும் உயிரிழந்திருந்தார்கள். உங்கள் வாக்கியத்தை அந்த மருத்துவமனையின் கட்டிலில் படுத்திருந்தவர் சொல்லியிருந்தால் நான் தலைவணங்கிக் கேட்பேன். செம்பூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. போரை ஆதரிக்க நேர்ந்தால், இதில் இத்தனை பேர் சாவார்கள், அதற்கு நானும் பொறுப்பு என்று சொல்லி ஆதரியுங்கள். தவிர்க்க முடியாது என்ற சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் இளைஞர், நல்ல மனம் கொண்டவர் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால்தான் இந்த வரி என்னை இவ்வளவு வருத்தியது.

ஐக்கிய நாடுகள் சபையின் அனுமதியை அளவுகோலாகக் கொள்ளலாம் என்ற உங்கள் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2011 மார்ச்சில் லிபியாவுக்கு அந்த அனுமதி இருந்தது. பொதுமக்களைக் காப்பதற்காக என்று நிறைவேறிய தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேட்டோ அங்கே ஆட்சியையே கவிழ்த்தது. அந்த நாடு அதன்பின் எத்தனை துண்டுகளாகச் சிதறியது என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அனுமதி இல்லாமல் நடந்த ஒன்றைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட்டின் கெமர் ரூஜ் படை கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னைப் பிடித்தது. நகரத்து மக்கள் அனைவரையும், மருத்துவமனையில் கிடந்தவர்களைக்கூட விடாமல், கிராமங்களுக்கு விரட்டியது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் ஏறத்தாழ 17 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 80 லட்சம் அளவில்தான் இருந்தது. இதைச் செய்தவர்கள் செங்கொடி ஏந்தித் தங்களைக் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக்கொண்டார்கள் என்பதை எந்த இடதுசாரியும் தாண்டிப் போய்விடக் கூடாது. 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் படை பெருமளவில் உள்ளே நுழைந்தது. போல் பாட்டை விட்டுத் தப்பி வந்த கம்போடியர்கள் அமைத்த முன்னணி அதனுடன் சென்றது. ஜனவரி 7 அன்று தலைநகர் விழுந்தது, கொலைக்களங்கள் நின்றன. வியட்நாம் தூய்மையான கருணையால் போனது என்று நான் சொல்லவில்லை. அதன் எல்லைக் கிராமங்களைக் கெமர் ரூஜ் தாக்கி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தது, தற்காப்பு என்றுதான் வியட்நாமும் வாதிட்டது. போன படை 1989 வரை திரும்பவில்லை என்பதும் அதன் கணக்கில் எழுத வேண்டிய ஒன்றுதான்.

உலகம் என்ன செய்தது? பிப்ரவரி 17 அன்று, வியட்நாமுக்குப் பாடம் கற்பிப்பதாகச் சொல்லிச் சீனா அதன் வடக்கு எல்லையில் படையெடுத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் சீனாவும் ஒரே பக்கத்தில் நின்று, ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் இருக்கை போல் பாட்டின் ஆட்களிடமே இருக்கட்டும் என்று வாக்களித்தன. நாட்டை இழந்த கொலையாளிகள் ஆண்டுக்கணக்கில் அந்த நாட்டின் பெயரால் அந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வாதம் ஒன்றுதான்: இறையாண்மை மீறப்பட்டது. நீங்கள் அளவுகோலாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் சபை அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது.

அந்த ஜனவரியில் தாராவியில் ஒரு தெருமுனைக் கூட்டம் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்த ஒரு தோழர் வியட்நாமை ஆதரித்துப் பேச, நான் துண்டறிக்கை கொடுத்தேன். எனக்கு அரசியல் கற்றுத்தந்தவர்களில் அவர் முக்கியமானவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2009-இல் முள்ளிவாய்க்கால் முடிந்த சில நாட்களில், மாட்டுங்காவில் ஓர் இடதுசாரி அமைப்பின் கூட்டத்தில் அவரை மறுபடி பார்த்தேன். எண்பதை நெருங்கியிருந்தார். மேடையில் இருந்தவர் இலங்கையின் இறையாண்மை, ஏகாதிபத்தியத் தலையீட்டின் ஆபத்து என்று நீண்ட நேரம் பேசி முடித்ததும் அவர் எழுந்தார். வியட்நாம் உள்ளே போனபோது நாம் எல்லைக்கோட்டைப் பார்க்கவில்லை, செத்தவர்களைப் பார்த்தோம். இப்போது செத்தவர்களைப் பார்க்காமல் எல்லைக்கோட்டை மட்டும் ஏன் பார்க்கிறோம் என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று சொல்லித் தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

அந்த மே மாதம் 27-ஆம் தேதி ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடியது. இலங்கை அரசின் விருப்பப்படி அமைந்த தீர்மானம் 29 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. 12 நாடுகள் எதிர்த்தன, 6 நாடுகள் விலகி நின்றன. ஆதரித்தவற்றில் இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. கியூபாவும் நிகரகுவாவும் பொலிவியாவும் இருந்தன. 1975-இல் அங்கோலாவின் அழைப்பை ஏற்று, இனவெறித் தென்னாப்பிரிக்காவின் படையை எதிர்க்கக் கடல் கடந்து ஆயிரக்கணக்கில் தன் பிள்ளைகளை அனுப்பிய கியூபா அது. நமீபியா 1990-இல் விடுதலை பெற்றதில் அந்தப் பிள்ளைகளின் இரத்தத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் கியூபா, ஒரு சிறிய கடற்கரைத் துண்டில் அடைபட்டுக் குண்டுவீச்சில் செத்த மக்களைப் பற்றி ஒரு பன்னாட்டு விசாரணைகூட வேண்டாம் என்ற பக்கம் கையை உயர்த்தியது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் கூறியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் அதே குழு பதிவு செய்தது, அதையும் நான் மறைக்கவில்லை.

என் வாதம் இதுதான், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இறையாண்மை என்ற கோட்பாட்டை இடதுசாரிகள் பற்றிக்கொண்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. குவாத்தமாலாவிலும் சிலியிலும் ஈராக்கிலும் அமெரிக்கா செய்ததைக் கண்டவர்களுக்கு, வலியவனிடமிருந்து எளிய நாட்டைக் காக்க வேறு கவசம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கவசம் அரசுக்குச் சொந்தமானதல்ல, அந்த நாட்டு மக்களுக்குச் சொந்தமானது. தன் மக்களையே கொல்லும் அரசு அதைத் தூக்கிப் பிடிக்கும்போது, அது எந்த நிறக் கொடியை ஏந்தியிருந்தாலும், அமெரிக்காவுக்கு எதிரியாகவே இருந்தாலும், அந்தக் கவசத்துக்குப் பின்னால் நிற்கும் உரிமையை அது இழந்துவிடுகிறது. இதைச் சொல்லத் தயங்குகிற இடதுசாரி, பிறகு ஒருநாள் நேட்டோ விமானங்கள் புறப்படும்போது எதிர்த்துக் குரல் கொடுத்தால், குண்டுக்கடியில் இருக்கும் மக்கள் அந்தக் குரலை ஏன் நம்ப வேண்டும்?

அப்படியானால் 2009-இல் ஒரு படை போயிருக்க வேண்டும் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. 1987-இல் போன படையைக் கண்ட பிறகு நான் அதைக் கேட்கவில்லை. படை வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும் செய்யும் கடமை இரண்டு மடங்காகிறது என்பதுதான் நான் சொல்வது. போர்நிறுத்தம், கடல்வழியே உணவும் மருந்தும், கொல்லும் அரசுக்கு ஆயுதமும் ரேடாரும் கொடுக்க மறுப்பது, முடிந்தபின் விசாரணை. இவற்றில் ஒன்றையும் கேட்காமல் தலையீட்டை மட்டும் எதிர்ப்பது அமைதிக் கொள்கை ஆகாது. கொல்கிறவனின் வேலை தடையின்றி முடியட்டும் என்று விட்டுவிடுவதுதான் அது.

1971-ஐ நான் ஆதரிப்பதும் இந்தக் காரணத்தால்தான், அந்த ஆண்டு இந்தியா சோவியத் யூனியனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் அல்ல. மார்ச் 25 இரவில் டாக்காவில் படுகொலை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பரில் இந்தியப் படை நுழைவதற்கு முன்பே அந்த மக்களின் சொந்தப் படையான முக்தி பாகினி மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தது. அடுத்த மார்ச்சில் இந்தியப் படை வெளியேறியது. அங்கே ஏற்கெனவே எழுந்து நின்ற ஒரு மக்களுக்குத் துணையாகப் போய், வேலை முடிந்ததும் திரும்பி வந்த படை அது. இந்திய அரசுக்கு வேறு கணக்குகளும் இருந்தன என்பது எனக்குத் தெரியும். ஈராக்கில் இந்த இரண்டும் இல்லை: படையை அழைத்த மக்கள் இயக்கமும் இல்லை, திரும்பும் எண்ணமும் இல்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். புத்தகப் பட்டியல் பிறகு தருகிறேன். முதலில், உங்கள் ஊரிலேயே நடந்த 1946 பிப்ரவரிக் கடற்படை வேலைநிறுத்தத்தைப் படியுங்கள். தல்வார் பயிற்சி நிலையத்தின் மாலுமிகள் 18-ஆம் தேதி தொடங்கியது அது. மோசமான சாப்பாட்டை எதிர்த்து எழுந்தவர்கள் என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதும் ஒன்று. டச்சுக்காரர்களின் ஆட்சியை அங்கே மீட்டுக்கொடுக்க பிரிட்டன் அப்போது இந்தியச் சிப்பாய்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. சீருடை அணிந்த இருபது வயதுப் பிள்ளைகள், தாங்கள் பார்த்தேயிராத ஒரு நாட்டின் மக்கள்மீது நம் ஆட்கள் சுடக் கூடாது என்று எழுதிக் கேட்டார்கள். பெரிய கட்சிகளின் தலைவர்கள் அவர்களைக் கைவிட்டார்கள். கம்யூனிஸ்டுகளின் அழைப்பை ஏற்று 22-ஆம் தேதி ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இந்நகரத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிபியாவையோ ஈராக்கையோ எடுக்காமல் 2009-இன் அந்த வாக்கெடுப்பை எடுங்கள். கியூபா ஏன் அப்படி வாக்களித்தது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். இறையாண்மை என்ற ஒரே சொல்லோடு யாரையும் உட்கார விடாதீர்கள். மறுபடியும் கசப்பில் முடிந்தாலும் என்ன பேசப்பட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.