இன்றைக்கு எந்த வகுப்போ!

கேள்வி: பட்டம் முடித்து வேலையில்லாமல் இருக்கிறேன். வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில், லீவு எடுக்கும் ஆசிரியர்களுக்குப் பதிலாகப் படிப்பிக்கப் போகிறேன். ஒருநாள் தரம் 6 கணிதம், மறுநாள் தரம் 10 வரலாறு. பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தரும் காசு பஸ்ஸுக்கே போய்விடுகிறது. நான் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பாடம் இல்லையாம். தொடரலாமா?

பதில்: தொடருங்கள் தங்கச்சி, ஆனால் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் மட்டும் என்றால் வேண்டாம். உங்களைப் போல நியமனம் இல்லாமல் படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியராக இருந்து நியமனம் எடுத்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள், அதேபோல வருடக்கணக்காகப் படிப்பித்து, வீதியில் இருந்து போராடியும் கிடைக்காமல் வயது போனவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர் நியமனத்துக்கான போட்டிப் பரீட்சைக்குப் படிப்பதை விடாதீர்கள்.

அதிபரிடம் முதலில் கதைக்க வேண்டியது காசைப் பற்றி அல்ல, நாளைப் பற்றி. வாரத்தில் எந்தெந்த நாள் என்று முடிவானால் மிச்ச நாளில் ரியூசனாவது கொடுக்கலாம். காலை ஆறரைக்குப் போன் எடுத்து வரச்சொன்னால், எங்கள் ஊர் பஸ்ஸை நம்பி ஏழரைக்கு எப்படிப் போய் நிற்பது? அப்புறம், போகும் நாளெல்லாம் கையெழுத்து வையுங்கள், அதிபரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேறொன்றும் இருக்காது.

இனி வகுப்பு. "சத்தம் போடாமல் படியுங்கோ" என்றுவிட்டுக் கதிரையில் இருந்தீர்களோ, சரி, அந்தப் பாடவேளை முழுதும் போச்சு. ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கி, ரீச்சர் எதில் விட்டார் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள், பாடநூல்தான் எல்லோரிடமும் இருக்கிறதே. வரலாறு தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம், தரம் 10 பிள்ளைகள் உடனே பிடித்துவிடுவார்கள்; பழைய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளில் பத்துக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, புத்தகத்தில் விடை தேடச் சொல்லுங்கள், யார் முதலில் கண்டுபிடிப்பது என்று சண்டையே வரும். குழப்படிக்காரனின் பெயரை இடாப்பில் பார்த்து வைத்துக்கொண்டு, வெண்கட்டி எடுத்துவர அவனையே அனுப்புங்கள். போகும்போது, எதுவரை படிப்பித்தீர்கள் என்று ஒரு துண்டில் எழுதி அந்த ரீச்சரின் மேசையில் வையுங்கள். ஆசிரியர் அறையில் உங்களை மதிக்க வைப்பது இந்தத் துண்டுதான்.

என்ன பட்டம் என்று எழுதவில்லையே? கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்றால் அதிபரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். இந்தப் பாடங்களுக்கு ஆள் இல்லாமல்தான் வன்னியில் பல பாடசாலைகள் இழுபடுகின்றன, ஓடித்திரியாமல் ஒரே வகுப்பை உங்களிடம் தரவும் கூடும்.