விசிறி முனையில் நீர்ப்பம்பி: எதை இணைக்கலாம், எதை இணைக்கக் கூடாது?

கேள்வி: எனது கணினிக்கு நீர்க்குளிரூட்டல் அமைத்திருக்கிறேன். பம்பி டீ5 வகையைச் சேர்ந்தது. பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தை ஆளும்) கட்டுப்பாடு உடையது. அது முழு வேகத்தில் ஓடும்போது எழும் இரைச்சலால் இரவில் அதே அறையில் தூங்க முடியவில்லை. மதர்போட்டில் விசிறிக்கென உள்ள நான்கு ஊசி முனையில் இணைத்து வேகத்தைக் குறைக்கலாமா? பம்பிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அந்த முனையிலிருந்தே எடுக்கும்படி ஒரு மாற்று வயர் செய்து தருவதாகக் கடைக்காரர் ஒருவர் கூறுகிறார். வாங்கலாமா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: வேகத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். அந்த மாற்று வயரை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

உங்கள் பம்பியிலிருந்து வரும் வயர்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு தனித்தனி முனைகள் இருக்கும். ஒன்று பவர் சப்ளையில் நேரடியாகச் செருக வேண்டியது. அதில் மஞ்சளும் கறுப்புமாக 12 வோல்ற்று மின்சாரம் வருகிறது. மற்றையது விசிறியின் செருகியைப் போலவே நான்கு துளைகள் உடையதாக இருந்தாலும், உற்றுப் பார்த்தால் அவற்றில் இரண்டில் மாத்திரமே வயர் இருக்கும், மீதி இரண்டும் வெறுமையாக இருக்கும். உற்பத்தியாளர் மறந்துவிட்ட துளைகள் அல்ல அவை. விசிறி முனையின் நான்கு ஊசிகளும் வரிசையாகப் புவித்தொடுப்பு, 12 வோல்ற்று, சுழற்சியை எண்ணும் சமிக்ஞை, வேகக் கட்டளை என அமைந்தவை. இவற்றில் கடைசி இரண்டை மட்டுமே பம்பி பயன்படுத்துகிறது: எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை மதர்போட்டிடமிருந்து கேட்டுக்கொள்கிறது; எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத் திரும்பச் சொல்கிறது. உணவு பவர் சப்ளையிலிருந்து, கட்டளை மதர்போட்டிலிருந்து என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிப்புக்குக் காரணம் எளிய கணக்கு. சாதாரண விசிறி முனை ஒன்று பெரும்பாலான மதர்போட்டுகளில் 1 அம்பியர் வரை, அதாவது 12 வாற்று வரை, தரக்கூடியது. டீ5 பம்பி முழு வேகத்தில் ஏறத்தாழ 23 வாற்று இழுக்கும். அது 2 அம்பியருக்குச் சற்றே குறைவு. கடைக்காரர் செய்து தரும் வயரால் ஒரு முனையின் தாங்குதிறனைப் போல் இரு மடங்கு மின்னோட்டம் அந்த மெல்லிய செப்புப் பாதையில் ஓடும். பாதுகாப்புச் சுற்று உள்ள மதர்போட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும், பம்பி நின்றுவிடும். பாதுகாப்பு இல்லாததில் முனையே கருகும். இப்படி இணைக்கப்பட்ட ஒரு கணினியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். முனையின் வெண்ணிறப் பிளாஸ்ரிக் ஒரு பக்கம் பழுப்பேறி உருகி, செருகியைக் கழற்ற இடுக்கி தேவைப்பட்டது. சில மதர்போட்டுகளில் பம்பிக்கென்றே 2 அல்லது 3 அம்பியர் தாங்கும் தனி முனை உண்டு. அதன் அளவு கைநூலில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் நம்புங்கள். அப்படியிருந்தாலும் தனியே பவர் சப்ளை வயர் உள்ள உங்கள் பம்பிக்கு அதிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது பயோஸ், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய மதர்போட்டின் அமைப்புத் திரை. வேகம் மாறவில்லை என்று எனக்கு எழுதுபவர்கள் பலர் இடறுவது இங்கேதான். விசிறி முனைகள் இரண்டு விதமாக வேலை செய்யும். டீசி முறையில் 12 வோல்ற்றைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும். பிடபிள்யூஎம் முறையில் வோல்ற்றளவு அப்படியே இருக்க, வேகக் கட்டளை ஊசியில் வினாடிக்கு 25,000 தடவை விட்டுவிட்டு வரும் துடிப்பின் அகலத்தை மாற்றும். உங்கள் பம்பி அந்த முனையிலிருந்து 12 வோல்ற்றை எடுப்பதே இல்லை என்பதால், டீசி முறையில் நீங்கள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதற்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. 'தானியங்கி' என்ற தெரிவையும் விட்டுவிட்டு, பிடபிள்யூஎம் என்று நீங்களே தெரிவுசெய்யுங்கள். பம்பியை வேறொரு அடப்டரிலிருந்து ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: துடிப்பை பம்பி புரிந்துகொள்ள அடப்டருக்கும் மதர்போட்டுக்கும் புவித்தொடுப்பு பொதுவாக இருக்க வேண்டும்; ஒரே பவர் சப்ளையைப் பயன்படுத்தினால் அது தானாகவே அமைந்துவிடும்.

இனி, எவ்வளவு குறைக்கலாம் என்பது. இரைச்சலில் பெரும்பகுதி பம்பியில் பிறந்தாலும் காதுக்கு வந்து சேர்வது கணினிப் பெட்டியின் தகட்டின் வழியாகத்தான். எனது பெட்டியில் பம்பி நிமிடத்துக்கு 4,800 சுற்றில் ஓடியபோது, மேசையில் வைத்த தேநீர்க் கோப்பையில் மெல்லிய வளையங்கள் எழுந்துகொண்டே இருந்தன. 2,600 சுற்றுக்குக் கொண்டுவந்ததும் தேநீர் அசைவற்று நின்றது. பம்பியின் அடியில் ஒரு துண்டு தடித்த ஸ்பொன்ஜ் வைத்த பிறகு, காதைப் பெட்டியோடு வைத்தால்தான் கேட்டது. பொறியியல் சொல்வதும் இதையே: வேகத்தை 70 வீதமாக்கினால் பம்பி தள்ளும் அழுத்தம் ஏறத்தாழ பாதியாகவும், அது உண்ணும் மின்வலு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகவும் குறையும்.

அழுத்தம் பாதியானால் குளிர்ச்சியும் பாதியாகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் சீபீயூவும் (கணினியின் மையச் செயலி) கிரபிக்ஸ் காட்டும் சேர்ந்து 300 வாற்று வெப்பத்தை நீரில் கொட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஓடினால், அவற்றைக் கடந்து வரும் நீர் 1 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சூடாகும். ஓட்டத்தை 2 லீற்றராகக் குறைத்தால் 2 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகும். கொழும்பில் குளிரூட்டி இல்லாத அறையின் காற்று 30 பாகையைச் சுற்றி இருக்கையில், நீரின் வெப்பநிலையைத் தீர்மானிப்பது நீரின் வெப்பத்தைக் காற்றுக்கு விடும் ரேடியேற்றரும் அதன் விசிறிகளுமே ஒழிய, பம்பியின் கடைசி ஆயிரம் சுற்றுகள் அல்ல. எல்லை எங்கே என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: கணினிக்குக் கனமான வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓடவிட்டு, வேகத்தை ஐந்து ஐந்து வீதமாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் வெப்பநிலை நிலைபெறக் காத்திருங்கள். சீபீயூவின் வெப்பநிலை தெளிவாக உயரத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நின்றுகொள்ளுங்கள்.

அந்த ஒரே வேகத்தில் நிலையாக ஓடவிடுங்கள் என்பதே எனது உறுதியான கருத்து. மதர்போட்டுகள் வழமையாகச் சீபீயூவின் வெப்பநிலையைப் பார்த்தே விசிறி முனைகளை ஏற்றி இறக்குகின்றன. ஒரு மென்பொருளைத் திறந்தவுடன் சீபீயூ ஒரே வினாடியில் 20 பாகை ஏறி அடுத்த வினாடியே இறங்கிவிடும். நீரோ அப்படி அவசரப்படுவதில்லை. ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4,200 யூல் வேண்டும். 200 வாற்று வெப்பம் முழுவதும் அதில் தங்கினாலும் 21 வினாடி பிடிக்கும். நீர் சூடாகும் முன்னரே பம்பி அலறி ஓய்வதில் எந்தப் பயனும் இல்லை. ஒரே சீரான ஒலியைவிட ஏறி இறங்கும் ஒலிதான் தூக்கத்தைக் கெடுக்கும். வேகம் மாறித்தான் ஆக வேண்டுமென்றால், நீரின் வெப்பநிலையை அளக்கும் 10 கிலோ ஓம் உணரி ஒன்றை நீர்ப்பாதையில் பொருத்தி, மதர்போட்டில் அதற்கான இரண்டு ஊசி முனை இருந்தால் அதில் இணைத்து, அந்த அளவின்படி மாற்றுங்கள். டீ5 பம்பிக்குச் சொல்லப்பட்ட நீரின் உச்ச வெப்பநிலை 60 பாகை. நமது காலநிலையில் நீர் 45 பாகையைத் தாண்டாதபடி விசிறிகளை அமைத்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

இன்னொன்றையும் அவசியம் செய்யுங்கள். பம்பியின் நான்கு துளைச் செருகியைச் சீபீயூ விசிறிக்கான முனையிலேயே குத்துங்கள். அந்த முனையில் சுழற்சி எண்ணிக்கை வராவிட்டால் பல மதர்போட்டுகள் கணினியைத் தொடங்க விடாமல் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தொல்லையாக எண்ணிச் சிலர் பயோஸில் அணைத்துவிடுகிறார்கள். பம்பி நின்றுபோன நாளில் உங்களுக்குச் சொல்வதற்கு அதைத் தவிர வேறு எவரும் இல்லை.

கேள்வி: புதிதாக நீர் நிரப்பும்போது மதர்போட்டை இயக்காமல் பம்பியை மாத்திரம் ஓடவிடச் சொல்கிறார்கள். வேகக் கட்டளை வராதபோது பம்பி எப்படி ஓடும்? குழாயில் காற்று நிற்கும்போது ஓடினால் பழுதாகுமா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கட்டளை வராவிட்டால் சில பம்பிகள் முழு வேகத்திலும் வேறு சில இடைநிலை வேகம் ஒன்றிலும் ஓடும், எப்படியும் ஓடும், அது பிழை அல்ல. ஆனால் வறட்சியாக ஓடவிடாதீர்கள். டீ5 பம்பியின் சுழலி ஒரு சிறிய பீங்கான் குண்டின் மேல் அமர்ந்து சுற்றுகிறது. அதற்கு மசகு அந்த நீரே. தொட்டியை நிரப்பி, பவர் சப்ளையைச் சில வினாடிகள் போட்டு, நீர் தொட்டியின் அடிக்கு இறங்கும் முன் நிறுத்தி, மீண்டும் நிரப்பி, இப்படியே பல தடவை செய்யுங்கள். பெட்டியை இருபுறமும் மெல்லச் சரித்தால் ரேடியேற்றரில் சிக்கிய காற்று குமிழிகளாக வெளிவரும். கரகரவென்ற ஓசை அடங்கி, தொட்டியின் நீர்மட்டம் இறங்காமல் நின்ற பிறகு, பம்பியின் செருகியை மதர்போட்டில் குத்தி வேகத்தைக் குறைக்கத் தொடங்கலாம். அதற்கு முன்னர் குறைத்தால் காற்றைத் தள்ளிவிட வேண்டிய வலு பம்பிக்கு இருக்காது.