காணி என்னுடையது, கையெழுத்து யாருடையது? சட்டக் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் காணி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான். இந்த முறை வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்குபவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அதற்கு முன், எப்போதும் சொல்வதுதான்: மூல உறுதியை (காணிப் பத்திரத்தை) யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிரதி கொடுங்கள்.

கோப்பாயிலிருந்து: அக்கா, என் சீதனக் காணியை மகளின் படிப்புக்காக விற்கவேண்டும். கணவர் வெளிநாடு போய் ஆறு வருடம், எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. அவருடைய கையெழுத்து இல்லாமல் உறுதி எழுதமுடியாது என்கிறார் நொத்தாரிசு. காணி என்னுடையதுதானே?

காணி உங்களுடையதுதான் தங்கச்சி. நொத்தாரிசு சொல்வதும் சரி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. அதே பெண் அதே காணிக்கு மரண சாசனம் எழுதச் சம்மதம் தேவையில்லை. தான் செத்த பிறகு காணி யாருக்கு என்று அவளே முடிவெடுக்கலாம், உயிரோடு இருக்கும்போது முடியாது. இதை எந்த நியாயத்திலும் என்னால் ஏற்கமுடியவில்லை.

வழி இருக்கிறது. 8ஆம் பிரிவின்படி, கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது காரணமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தச் சம்மதம் இல்லாமலே விற்க அனுமதி பெறலாம். அதற்கு அலைச்சலும் உண்டு, காசும் வேண்டும். 2009இல் கணவரைத் தொலைத்த ஒரு தாய் என்னிடம் வந்தார். வரைவு உறுதியில் கணவர் ஒப்பமிடும் இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்து, ‘இதில ஆர், பிள்ளை, கையெழுத்து வைக்கிறது?’ என்று கேட்டார்.

நல்லூரிலிருந்து: இவ்வளவு அநியாயம் என்றால் நீதிமன்றம் ஏன் அந்தப் பிரிவை நீக்கவில்லை?

அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை தடுக்கிறது. 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. அதற்குப் பிறகு வந்த சட்டங்களை எதிர்ப்பதென்றாலும், அவை சட்டமூலமாகப் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய குறுகிய காலத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். நிறைவேறிய பிறகு கேட்கமுடியாது. ஆகவே பாராளுமன்றம்தான் திருத்தவேண்டும்.

உரும்பிராயிலிருந்து: தேசவழமை எங்கள் அடையாளம். அதில் கைவைக்கச் சொல்வது சரியா, மிஸ்?

ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தேசவழமை ஒருநாளும் அப்படியே கிடக்கவில்லை. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07இல் தொகுத்தார், ஊர் முதலியார்மார் பன்னிரண்டு பேர் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். 1911இல் மாறியது, 1947இல் தேடிய தேட்டம், அதாவது திருமண காலத்தில் தேடிய சொத்து, பற்றிய பகுதி மறுபடி திருத்தப்பட்டது. பெண்ணின் சீதனம் அவளுடைய தனிச் சொத்து என்பதல்லவா நாம் பெருமையாகச் சொல்லவேண்டியது?

அதே ஐயா: அப்படியென்றால் பங்காளிக்கு முதலில் விற்கும் முன்னீட்டுரிமையும் போகட்டுமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. 1947இலேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. வளவு துண்டுபடாமல் இருக்க அது உதவுகிறது, இருக்கட்டும். ஒரு பிரிவைத் திருத்தினால் முழுதும் இடிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்தப் பென்சில் புள்ளடிக்கு என்ன பதில், ஐயா?

மானிப்பாயிலிருந்து: அம்மாவின் காணி விற்க அப்பாவின் கையெழுத்து வேண்டுமா?

முதல் பதிலைப் பாருங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது, அவர்களுக்கும் இதுதான்.

தெல்லிப்பழையிலிருந்து: இடம்பெயர்ந்திருந்தபோது எங்கள் காணியில் குடியேறியவர், பத்து வருடம் ஆண்டுவிட்டேன் என்கிறார்.

பிறர் காணியைத் தடையில்லாமல் பத்து வருடம் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டம். போரால் காணிக்குப் போகமுடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. ஆனால் வழக்குப் போட இரண்டு வருடமே தந்தார்கள், முகாமிலும் வெளிநாட்டிலும் இருந்த பலருக்கு அது தெரிவதற்குள் கதவு மூடிவிட்டது. 2009க்குப் பிறகு அவர் எப்போது வந்தார், யார் சொல்லி வந்தார் என்பதைப் பொறுத்து உங்களுக்கு இன்னும் இடம் இருக்கலாம். உறுதிப் பிரதியோடு நேரில் வாருங்கள்.

சுன்னாகத்திலிருந்து: பிரதேச சபையிடம் தகவல் கேட்டு இரண்டு மாதம், பதில் இல்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பற்றுச்சீட்டு இருக்கிறதா?

கனடாவிலிருந்து: இங்கே விவாகரத்து எடுத்தால்...

அது என் துறை இல்லை தம்பி. அங்குள்ள வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கோப்பாய்த் தங்கச்சி மறுபடியும்: மனுவுக்கு என்ன கொண்டு வரவேண்டும் அக்கா?

விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், கணவர் எங்கே என்று தெரியாது என்பதற்குக் கிராம சேவையாளரின் கடிதம், பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதி. உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுக்கலாம். மூல உறுதியையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே தந்துவிடுவேன்.