மூத்த வீரருக்கு என்ன விலை? என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஒப்பந்தக் கேள்வி பதில்

(வேறு ஆண்டு சொல்லாத தொகைகள் எல்லாம் 2024-25 பருவத்துக்கானவை.)

கேள்வி: வாரியர்ஸ் அணியில் கடைசி ஆண்டு 4.32 கோடி டாலர் வாங்கிய க்ளே தாம்சனுக்கு, 2024இல் டாலஸ் அணி 3 ஆண்டுக்கு மொத்தம் 5 கோடிதான் கொடுத்தது. இது அநியாயம் இல்லையா சார்?

பதில்: நியாயமான விலைதான். பழைய ஒப்பந்தம் 2019இல் போட்டது. அதற்குச் சற்று முன் பட்ட முழங்கால் காயமும் பிறகு வந்த குதிகால் தசைநார்க் காயமும் சேர்ந்து இரண்டு முழுப் பருவங்களைத் தின்றுவிட்டன. 34 வயதில் எதிரணியின் வேகமான கார்டை (பந்தை நடத்திச் செல்லும் வீரரை) துரத்தும் வேலையை அவரிடம் கொடுக்க முடியாது. மிச்சமிருப்பது மூன்று புள்ளி எறிதல்: 2023-24இல் 38.7 சதவீதம். வயதானாலும் சீக்கிரம் மங்காத திறமை அது. அதற்குத்தான் இந்தப் பணம்.

கேள்வி: ஒரு வீரரை மதிப்பிட எங்கிருந்து தொடங்குவது அண்ணா?

பதில்: புள்ளிச் சராசரியைக் கடைசியில் பாருங்கள். முதலில் மூன்று பருவங்களில் ஆடிய ஆட்டங்களும் நிமிடங்களும். அடுத்து, கூடைக்கு அடியில் எடுத்த முயற்சிகளும் ஃப்ரீ த்ரோக்களும். கால் தளர்ந்தால் முதலில் குறைவது இவைதான். பிறகு, பிளே ஆஃப் (பருவ முடிவின் நாக் அவுட் சுற்று) ஆட்டங்களின் கடைசி ஐந்து நிமிடத்தில் பயிற்சியாளர் அவரைக் களத்தில் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். என் கணக்கில் இதற்கு எடை அதிகம்.

சம்பளத்தை டாலராக மட்டும் பார்க்காமல் உச்சவரம்பின் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லை) சதவீதமாகவும் பாருங்கள். வரம்பு 14.06 கோடி என்றால், 2 கோடி சம்பளம் சுமார் 14 சதவீதம்.

கேள்வி: முதலாளிக்கு மனமிருந்தால் எவ்வளவும் தரலாமா?

பதில்: முடியாது. விலையைப் பாதி தீர்மானிப்பது, அணி எந்தப் பையிலிருந்து கொடுக்கிறது என்பதுதான். வரம்புக்குக் கீழே இடமிருந்தால் அந்த அளவுக்குத் தரலாம். இல்லாவிட்டால் மிட் லெவல் விதிவிலக்கு (வரம்பைத் தாண்டியும் நடுத்தரச் சம்பளம் தர லீக் தரும் அனுமதி): முதல் ஆண்டுக்கு 1.28 கோடி, அதிகபட்சம் 4 ஆண்டு. செலவு முதல் ஏப்ரன் கோட்டை (வரம்புக்கு மேலே லீக் போட்ட கட்டுப்பாட்டுக் கோடு, 17.8 கோடி) தாண்டிய அணிக்கு அது சுமார் 52 லட்சம், 2 ஆண்டு. இரண்டாம் ஏப்ரனையும் (18.9 கோடி) தாண்டினால், வெளியிலிருந்து வரும் வீரருக்கு மினிமம் (லீக் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம்) மட்டும்தான். சொந்த வீரருக்குப் பேர்டு உரிமை (தன் வீரரைத் தக்கவைக்க அணிக்குள்ள சலுகை) இருந்தால் வரம்பைத் தாண்டியும் தரலாம்.

தாம்சனின் முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 1.59 கோடி, மிட் லெவலில் அடங்காது. அதனால்தான் வாரியர்ஸே அவரோடு ஒப்பந்தம் போட்டு டாலஸுக்கு மாற்றியது. இப்படி வாங்கும் அணி அந்தப் பருவம் முழுக்க முதல் ஏப்ரனைத் தாண்டக்கூடாது.

கேள்வி: மினிமத்தில் மூத்தவரை எடுத்தால் இளைஞரை விடச் செலவு கூடுமே?

பதில்: ஓராண்டு ஒப்பந்தமென்றால் கூடாது. 10 ஆண்டு அனுபவம் உள்ளவர் 33 லட்சம் வாங்குவார். அணிக் கணக்கில் ஏறுவது 20.9 லட்சம்தான். மீதியை லீக் ஈடுகட்டுகிறது.

கேள்வி: பால் ஜார்ஜ் விஷயத்தில் எங்கே தவறு நடந்தது?

பதில்: ஆண்டுகளில். 34 வயதுக்காரரான அவருக்கு 76ஏர்ஸ் அணி 2024இல் கொடுத்தது 4 ஆண்டு, 21.2 கோடி, முதல் ஆண்டே வரம்பில் 35 சதவீதம். கடைசி ஆண்டை ஏற்பதும் விடுவதும் அவர் விருப்பம். முதல் பருவத்தில் ஆடியது 41 ஆட்டங்கள்.

அதே கோடையில் ஸ்பர்ஸ் அணி, 39 வயது கிறிஸ் பாலுக்கு ஓராண்டுக்குச் சுமார் 1.05 கோடி கொடுத்தது. அவர் 82 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இறங்கினார். இறங்காமல் போயிருந்தாலும் அடுத்த கோடையில் கணக்கு காலி. 33 வயதைத் தாண்டியவருக்குத் தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும், கடைசி ஆண்டை அணியின் விருப்பத்திலோ பகுதி உத்தரவாதத்திலோ (விடுவித்தால் சம்பளத்தில் ஒரு பகுதி மட்டும் தருவது) வையுங்கள்.