பரணில் கிடந்த டிரில்லும் மூடி இல்லாத கிரைண்டரும்: எதை மீட்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: அப்பா பயன்படுத்திய மூன்று மின்கருவிகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பரணில் கிடந்தன. அலுமினிய உடல் கொண்ட கனமான டிரில், 100 மி.மீ. ஆங்கிள் கிரைண்டர், வட்ட ரம்பம். டிரில்லைச் சொருகிப் பார்த்தேன், சுழல்கிறது. ஆனால் பின்பக்கத் துளைகளில் தீப்பொறி தெரிகிறது, கருகிய வாடை வருகிறது, உடலைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம். கிரைண்டரின் காப்பு மூடியைக் காணவில்லை. இவற்றைச் சரிசெய்து வீட்டுப் பட்டறையில் பயன்படுத்தலாமா?

பதில்: டிரில்லை மறுபடி சொருகாதீர்கள். நீங்கள் தீப்பொறியை முதலில் எழுதி, கூச்சத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிசையைத் திருப்பிப் போடுவேன். தீப்பொறி பெரும்பாலும் சில்லறைச் செலவில் தீர்கிற கோளாறு. கூச்சம் அப்படியல்ல. நம் உடல் வழியாக 1 மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும்போதே நமக்கு அது தெரியத் தொடங்கும். 10 மில்லியாம்பியரை ஒட்டிப் போனால் தசை இறுகி, பிடித்த கருவியை விட முடியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஈரக் கையோ வெறுங்காலோதான்.

மின்கருவிகளில் இரண்டு வகை உண்டு. பிளாஸ்டிக் உடல் கொண்டவற்றின் பெயர்த்தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் அச்சிட்டிருக்கும். அது இரட்டைக் காப்பு என்பதற்கான குறி. அவற்றுக்கு எர்த் கம்பி தேவையில்லை. உங்கள் டிரில் போன்ற பழைய உலோக உடல் கருவிகளில் பெரும்பாலும் அந்தக் குறி இருக்காது. அவற்றின் பாதுகாப்பு முழுவதும் எர்த் கம்பியை நம்பியே இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்த பழைய டிரில்களில் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று: கேபிள் என்றோ வெட்டுப்பட்டிருக்கும், அவசரத்துக்கு யாரோ இரண்டு கம்பி கேபிளை மாட்டியிருப்பார்கள், கருவியும் நன்றாக ஓடியிருக்கும். எர்த் இல்லாதது ஓட்டத்தில் தெரியாது. உள்ளே தூசியும் ஈரமும் சேர்ந்து மின்சாரம் கசியும் நாளில்தான் தெரியும்.

எனவே முதல் வேலை கேபிள். பிளக்கைத் திறந்து எத்தனை கம்பிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். கருவியின் பக்கமும் திறந்து, எர்த் கம்பி உடலோடு திருகில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர் கேபிளை வளைத்துப் பார்த்தால் மேலுறை பாளம் பாளமாக வெடிக்கும். அதை வெட்டி ஒட்டி, டேப் சுற்றிப் பிழைக்க வைக்க வேண்டாம். முழு நீளத்தையும் மாற்றி மூன்று கம்பி கேபிள் போடுங்கள். கேபிள் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறையையும், உள்ளே கேபிளைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லையென்றால் இழுக்கிற இழுப்பெல்லாம் திருகு முனையில்தான் விழும்.

அடுத்து மல்டிமீட்டர். பிளக்கின் எர்த் முனையில் ஒரு கம்பி, முனையைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் பெயின்ட் இல்லாத இடத்தில் இன்னொன்று. ஓம் அளவு ஏறத்தாழ சுழியம் காட்ட வேண்டும். அளந்துகொண்டே கேபிளை அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பிறகு ஃபேஸ், நியூட்ரல் முனைகளை ஒவ்வொன்றாகக் கருவியின் உடலோடு வைத்து அளக்கும்போது எந்த இணைப்பும் தெரியக் கூடாது. இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில்: டிரில்லின் விசையை அழுத்திப் பிடித்தபடி அளக்க வேண்டும். அழுத்தாவிட்டால் நீங்கள் சோதிப்பது கேபிளை மட்டும்தான், மோட்டார் கணக்கிலேயே வராது.

மல்டிமீட்டர் சொல்வதோடு நிறைவடையவும் கூடாது. அது சோதிப்பது சில வோல்ட்டில். அந்த அழுத்தத்தில் யோக்கியமாக இருக்கும் காப்பு, வீட்டு மின்சாரத்தில் கசியலாம். அதற்குத்தான் 500 வோல்ட் கொடுத்து அளக்கும் மெக்கர். மோட்டார் காயில் கட்டுபவர்களிடம் அது கட்டாயம் இருக்கும், அளந்து தர ஐந்து நிமிடம் ஆகும். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் நான் அந்தக் கருவியை ஏற்க மாட்டேன். சில நேரம் பரணில் ஏறிய ஈரம்தான் காரணமாக இருக்கும். பிரித்து, சுத்தம் செய்து, இரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் காயவிட்டால் எண் ஏறும். காய்ந்த பிறகும் ஏறவில்லை என்றால் காயில் போய்விட்டது என்று பொருள்.

இனி தீப்பொறிக்கு வரலாம். டிரில்லின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு வட்ட மூடிகள் இருக்கலாம். அவற்றைத் திருகி எடுத்தால் கார்பன் பிரஷ்கள் வெளியே வரும். பென்சில் முனையளவு கரித்துண்டு, பின்னால் ஒரு ஸ்பிரிங், நடுவே ஒரு செப்பு இழை. எடுக்கும் முன் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷின் முகம், அது தொட்டு உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பக் குழிந்திருக்கும். அதையே திருப்பி மாட்டினால் ஓரத்தில் மட்டும் தொட்டுப் பொறி தட்டும். நீளம் 5, 6 மி.மீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று தேய்ந்து மற்றது நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது கூட்டுக்குள் தன் எடையிலேயே வழுக்கிப் போக வேண்டும். இறுக்கமாக இருந்தால் பக்கவாட்டில் மணல்தாளில் மெல்லத் தேய்க்கலாம். லொடலொடவென்று இருந்தால் அது உங்கள் கருவிக்கான அளவே அல்ல.

பிரஷ் இருந்த துளை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். செம்புப் பட்டைகள் ஒரே சீராகப் பழுப்பாக இருந்தால் நல்லது. கருமை படர்ந்திருந்தால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரை வெளியே எடுத்து, 400 அல்லது 600 எண் மணல்தாளின் சிறு பட்டையைச் சுற்றிப் பிடித்துத் துடைக்கலாம். எமரித் துணி வேண்டாம், அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே தங்கி மின்சாரத்தைக் கடத்தக் கூடும். பிறகு பட்டைகளுக்கு இடையிலான பள்ளங்களில் சேர்ந்த கரித்தூளை மூங்கில் குச்சியால் கிளறி எடுங்கள். இந்தக் கடைசி வேலையில் பொறுமை இழந்துதான் பலரும் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, பொறி இன்னும் வருகிறதே என்கிறார்கள்.

இரண்டு பட்டைகள் மட்டும் எரிந்து குழிந்திருந்தாலோ, ஓடும்போது கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போட்டாலோ ஆர்மேச்சர் காயில் அறுந்திருக்கிறது அல்லது உள்ளுக்குள் ஒட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போது பிரஷ் மாற்றிப் பயனில்லை. பிரஷ் நுனியில் ஊசிமுனையளவு நீலப் பொறி மட்டும் தெரிந்தால் அது இவ்வகை மோட்டாரின் இயல்பு, கவலை வேண்டாம்.

பிரித்தபோதே பல்சக்கரப் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். பத்தாண்டு கிரீஸ் மெழுகு போல இறுகியிருக்கும். மரக்கரண்டியால் வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, முழுக்க உலரவிட்டுப் புதிய கிரீஸ் வையுங்கள். பெட்டியில் பாதிக்குச் சற்று மேல் போதும். நிறைய வைத்தால் அது சூடேறி மோட்டார் பக்கம் கசிந்து கம்யூட்டேட்டரில்தான் போய் நிற்கும். பேரிங்கை விரலில் வைத்துச் சுழற்றும்போது மணல் அரைபடுவது போல உணர்ந்தால் மாற்றுங்கள். அதன் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ.; எந்த நிறுவனம் செய்தாலும் அளவு மாறாது. தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் புதிய பேரிங் மாட்டும்போதே பழசாகிவிடும்.

எல்லாம் மாட்டியபின் நேரடியாகச் சொருகாமல், 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்த சோதனைப் பெட்டி வழியே மின்சாரம் கொடுங்கள். எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லேம்ப் என்பது இதைத்தான். உள்ளே எங்காவது நேரடியாக ஒட்டியிருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கருவி தப்பிக்கும். மங்கலாக எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுழன்றால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இந்தச் சோதனை கருவியின் உடலுக்கு மின்சாரம் கசிகிறதா என்பதைச் சொல்லாது, ஆகவே அப்போது கருவியைக் கையால் தொடாமல், முன்கூட்டியே வைஸில் இறுக்கி வையுங்கள். பிறகு மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு விசை உள்ள இணைப்பில் பத்து நிமிடம் சுமையின்றி ஓடவிடுங்கள்; பிரஷ் தன் வளைவைத் தானே தேய்த்துக்கொள்ளும். அந்த ஆர்.சி.சி.பி. உங்கள் பட்டறை இணைப்பில் இல்லையென்றால் கருவிகளைவிட அதை முதலில் மாட்டுங்கள்.

பழைய டிரில்லுக்கு இன்னொரு குணம் உண்டு. இன்றைய கருவிகளைப் போல முனை சிக்கியதும் நழுவிக்கொள்ளும் கிளட்ச் அதில் இருக்காது. முனை சிக்கினால் உங்கள் மணிக்கட்டைத்தான் சுழற்றும். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் பெரிய துளை போடாதீர்கள். சக் சாவியைக் கேபிளில் பிளக்குக்கு அருகில் கட்டி வையுங்கள். பிளக்கைக் கழற்றினால்தான் சாவி சக்குக்கு எட்ட வேண்டும். நான் ஒருமுறை சாவியை எடுக்காமல் விசையை அழுத்தினேன். அது என் காதோரம் பறந்து பெயர்த்த பள்ளம் சுவரில் இன்னும் இருக்கிறது. பூசி மறைக்க மனம் வரவில்லை.

கிரைண்டரைப் பொறுத்தவரை என் பதில் கறாரானது. அதே மாடலுக்கான காப்பு மூடி கிடைத்தால் மேலே சொன்ன சோதனைகளைச் செய்து மீட்கலாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். 100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 207 கி.மீ. வேகத்தில் போகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் கிளம்பும். அவற்றுக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே அந்தத் தகட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. மூடி எடுத்த கிரைண்டரில் பெரிய டிஸ்க் மாட்டலாம் என்ற யோசனை அடுத்து வரும். அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். 180 மி.மீ. டிஸ்க்கில் வழக்கமாக 8,500 சுற்று வரைதான் அனுமதி என்று அச்சிட்டிருக்கும்.

கிரைண்டரோடு பழைய டிஸ்க்குகள் கிடந்திருந்தால் இரக்கமின்றி எறியுங்கள். வெட்டும் டிஸ்க்கில் தேய்க்கும் துகள்களைக் கட்டிப் பிடித்திருப்பது பிசின். ஈரம் பட்டாலும் வயதானாலும் அது பலவீனமாகும். நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருப்பதைப் பாருங்கள். வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் எதையும் தீட்டாதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். பல் மரத்தில் சிக்கிய நொடியில் கருவி துள்ளும், துள்ளும் திசை உங்களை நோக்கித்தான்.

பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கணக்கு மட்டும்: 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் வரம்பு. கிரைண்டர் அந்த அளவை எளிதில் தொடும். துணிக் கையுறை பாதுகாப்பு என்று நினைத்து டிரில் முனைக்கு அருகே போடாதீர்கள், ஒரு நூல் சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. கைக்குட்டை அதற்குத் தடையாகாது, முகத்தோடு பொருந்தும் சுவாசக் கவசம் வேண்டும். மரத்தூள் கிடக்கும் மேசையில் கிரைண்டர் பொறி விழுந்தால் உடனே எரியாது. உள்ளே கனன்றுகொண்டிருந்து, நீங்கள் விளக்கணைத்துப் போனபின் எரியும். இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் அங்கே செய்யாமல் இருப்பதே என் வழக்கம். எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருளிலிருந்து முழுதும் அவிழ்த்துப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே வைத்தால் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும்.

வட்ட ரம்பத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், மூன்றில் அதுதான் சட்டென்று முடிவு சொல்லும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கீழ்ப்பக்கக் காப்பு மூடியை முழுவதும் மேலே தள்ளி விடுங்கள். டக்கென்று திரும்பி வந்து பிளேடை மூட வேண்டும். பாதியில் நின்றால் பெரும்பாலும் பிசினும் மரத்தூளும் சேர்ந்த கட்டிதான் காரணம். துடைத்து, ஸ்பிரிங்கை மாற்றிப் பாருங்கள். ஆப்பு வைத்தோ கம்பியால் கட்டியோ மூடியை மேலேயே நிறுத்தியிருந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ரம்பங்களில் இது நிறைய உண்டு, அப்போது மூடியே வளைந்திருக்கும். மூடி சரியானால் புதிய பிளேடு போட்டு, பல் பலகைக்குக் கீழே 5 மி.மீ. அளவே நீட்டும்படி ஆழத்தை வைத்து, அறுபடும் இடைவெளி மூடிக்கொள்ளாதபடி பலகையைத் தாங்கி அறுத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் காயிலாங் கடைக்குப் போடும் முன் கேபிளை உடலோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். வெட்டாமல் போட்டால் அதை எடுத்துப் போகும் ஒருவர், நீங்கள் செய்தது போலவே, முதலில் சொருகித்தான் பார்ப்பார்.